பல்லாவரம் சந்தையில் வாங்கிய யாஷிகா, உள்ளே யாரோ பாதி எடுத்த ரோல்

குரோம்பேட்டைக்காரன்

போன வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வீட்டில் பூந்தொட்டி வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தேன், தொட்டியும் வாங்கினேன், ஆட்டோவில் அது உடைந்தது வேறு கதை. பழைய டிரங்க் ரோட்டில் மிக்சி ஜார், ரிமோட், சார்ஜர் குவியலையெல்லாம் தாண்டினால் ஒரு தார்ப்பாய், அதன்மேல் சுத்தியல், துருப்பிடித்த பூட்டு, ஒற்றைச் செருப்பு, நடுவில் தோல் உறையோடு ஒரு யாஷிகா எலக்ட்ரோ 35 பிலிம் கேமரா. கடைக்காரர் 1,500 சொன்னார். நான் கேமராவைக் கண்ணில் வைத்து, அவரைப் பார்த்தே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு 400 என்றேன். அவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து 700-க்கு முடித்தேன்.

வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் மேலே எத்தனை படம் எடுத்தது என்று காட்டும் எண் 23-ல் நிற்கிறது. ரீவைண்ட் குமிழை லேசாகத் திருப்பினால் உள்ளே எதையோ பிடித்து இழுப்பது போல இருக்கிறது. உள்ளே ரோல் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். பின் மூடியை இன்னும் திறக்கவில்லை.

700 அதிகமா? அந்த ரோலை என்ன செய்வது?

பழுது_பார்ப்பவர்

முதலில் அந்த மூடியில் கை வைக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பீரோமேல் வையுங்கள்.

மூடியைத் திறந்தாலே எண் ஆரம்பத்துக்குப் போய்விடும். 23-ல் நிற்கிறது என்றால் ரோல் போட்ட நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை. சந்தைக்கு வந்த கேமராவில் இது அபூர்வம், அங்கே எல்லோரும் முதலில் திறந்துதான் பார்ப்பார்கள். அதே சமயம் வருகிறவர் போகிறவரெல்லாம் பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளி அழுத்திப் பார்த்திருப்பார்கள், அதனால் கடைசி ஏழெட்டுப் படங்களில் ஒன்றும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

கேமராவைப் பற்றி: எலக்ட்ரோவில் பேட்டரி இல்லாமல் அழுத்தினாலும் ஷட்டர் (வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு) 'டிக்' என்று அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்துத்தான் "ஓடுது சார்" என்று விற்பார்கள். ஆனால் அது 1/500 நொடி என்ற ஒரே வேகம். மீதி வேகமெல்லாம் பேட்டரியை நம்பி இருக்கிறது, அந்தப் பேட்டரியோ 5.6 வோல்ட் மெர்குரி, இப்போது கிடைக்காது. 6 வோல்ட் 4எல்ஆர்44 ஒன்றை வாங்கி, மீதி இடத்துக்கு ஒரு ஸ்பிரிங்கும் அலுமினியத் தாளும் வைத்தால் வேலை முடிந்தது. அதற்கு முன் அடியில் இருக்கும் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் கொஞ்சம் வினிகர், காது குடையும் பஞ்சுக் குச்சி, பொறுமை.

ரோலை வெளியே எடுத்த பிறகு லீவரைத் தள்ளும்போது உள்ளே 'டக்' என்று ஒரு கனமான சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு உயிரோடு இருக்கிறது. இந்த மாடலில் எல்லோரையும் கவிழ்ப்பது அந்த ரப்பர்தான், ஐம்பது வருடத்தில் அது வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடும். அது போய்விட்டால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எவ்வளவு சொன்னாலும் ஷட்டர் கேட்காது.

700 நியாயம்தான். 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் சுத்தமாக இருந்தால் கொள்ளை லாபம், பூஞ்சை இருந்தால் உங்களுடையது 700 ரூபாய் பேப்பர் வெயிட்.

ரிச்சி_தெரு

700-ஆ! நான் 2014-ல் அதே சந்தையில் இதே கேமராவை 150-க்கு வாங்கினேன். இப்போது காலையிலேயே ஆட்கள் பையோடு வந்து அள்ளிக்கொண்டு போய் ஆன்லைனில் பத்து மடங்குக்கு விற்கிறார்கள். கடைக்காரர்களும் போனை எடுத்து விலையைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறார்கள்.

வேளச்சேரி_நிழல்

அவர்கள் பார்ப்பது நாலு தடவை சுத்தம் செய்து, சோதித்து, உத்தரவாதத்தோடு விற்கிற வெளிநாட்டு விலை. தார்ப்பாயில் கிடப்பதும் அதுவும் ஒன்றா? இதைச் சொன்னால் "அப்ப அங்கயே போய் வாங்கிக்க" என்பார்கள்.

ரிச்சி_தெரு

அதைவிடப் பெரிய கூத்து 'லைக்கா' என்ற ஜெர்மன் கேமரா. போன மாதம் ஒருவர் துணியில் சுற்றி வைத்திருந்ததை ரகசியமாகக் காட்டினார். தங்க நிறம், கழுகுச் சின்னம், ஜெர்மன் எழுத்து. "இரண்டாம் உலகப்போர் பீஸ் அண்ணே, எங்க தாத்தா மிலிட்டரி." 25,000. பக்கத்தில் நின்ற தம்பி ஒருவர் ஏடிஎம் எங்கே என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

பழுது_பார்ப்பவர்

நல்ல காரியம் செய்தீர்கள். அது சோவியத் தயாரிப்பு, ஃபெட் அல்லது சோர்க்கி. ஃபெட் என்பது பழைய லைக்காவைப் பார்த்து 1934-லிருந்து கார்கிவில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு குடியிருப்பில் செய்த கேமரா, சோவியத் ரகசிய போலீஸைத் தொடங்கிய ஜெர்ஜின்ஸ்கியின் பெயரின் முதலெழுத்துகள்தான் எஃப்.இ.டி. பிற்பாடு யாரோ அதன் பெயரைச் சுரண்டிவிட்டு லைக்கா என்று பொறித்துத் தங்க முலாம் பூசி உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள்.

கண்டுபிடிக்க ஒரு வழி: லென்ஸைத் திருகிக் கழற்றி உள்ளே மேல்பக்கம் பாருங்கள். லென்ஸோடு உரசி நகரும் ஒரு சின்ன உறுப்பு இருக்கும். நிஜ லைக்காவில் அது உருளும் சக்கரம். ஃபெட், சோர்க்கியில் ஆப்பு மாதிரி கூராக இருக்கும். கழற்ற விடமாட்டேன் என்றால் வணக்கம் போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஆனால் அந்த ஃபெட்டை ஃபெட் என்று சொல்லி 2,000-க்குக் கொடுத்தால் நான் வாங்குவேன். நல்ல கேமரா அது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது, லீவரை அல்லது குமிழைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும், முன்னாடியே மாற்றினால் உள்ளே பல் சக்கரம் சேதமாகிவிடும்.

மேற்கு_மாம்பலம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கேமரா பற்றி ஒன்றும் தெரியாது, மாமனார் வீட்டுப் பரண் பற்றித்தான் தெரியும்.

போன போகிக்கு முன் பரண் ஒழித்தோம். பித்தளைப் பாத்திரம் ஒரு பக்கம், பழைய பஞ்சாங்கங்கள் ஒரு பக்கம், ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் மூன்று கேமரா. காயலான் கடைக்காரர் வாசலில் தராசோடு நிற்கிறார், "பிளாஸ்டிக்கா இரும்பா சொல்லுங்கம்மா" என்கிறார். என் பையன் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் கிலோ கணக்கில் போயிருக்கும். இருப்பவை: கறுப்பு பிளாஸ்டிக்கில் அக்ஃபா கிளிக் III, கொடாக் பெட்டி கேமரா ஒன்று (உள்ளே 620 என்று எழுதியிருக்கிறது), ஜெனிட் என்று ஒன்று, தூக்கினால் கை வலிக்கிறது. கூடவே உறை பிரிக்காத 'இந்து' ரோல் இரண்டு. இவற்றுக்கு ஏதாவது மதிப்பு உண்டா?

மூர்_மார்க்கெட்_காலம்

அம்மா, அந்த இந்து ரோலைத் தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது நம் ஊட்டியில் செய்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967-லிருந்து உற்பத்தி. எக்ஸ்ரே பிலிமும் அங்கேதான். இப்போது ஆலை மூடிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் வெளிநாட்டு ரோல் வாங்கக் காசில்லாத எங்களுக்கு இந்துதான். கிளிக் III-ல் ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம், வெயில் என்றால் ஒரு பக்கம், மேகம் என்றால் இன்னொரு பக்கம் தள்ள வேண்டும், நமக்கு யோசிக்கும் வேலையே அவ்வளவுதான். என் கல்யாணத்துக்குப் பிறகு மகாபலிபுரத்தில் எடுத்த 12 படத்தில் எட்டில் என் மனைவி தலை இருக்காது. இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் முதல் கேமராவை 1979-ல் மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். பழைய புத்தகம், இசைத்தட்டு, கிளி, முயல், எல்லாம் ஒரே கூரையின் கீழ். 1985 மே 30 அன்று தீப்பிடித்து எரிந்தது. அப்போது ஒரு கடையில் பழுது பார்க்க என் ரோலிகார்ட் கேமராவைக் கொடுத்திருந்தேன், திரும்ப வரவில்லை. இன்றைக்கு அந்த இடத்தில் புறநகர் ரயிலுக்கு டிக்கெட் வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் வயிறு எரியும்.

பழுது_பார்ப்பவர்

மேடம், பணமாகப் பார்த்தால் மூன்றும் சேர்த்துப் பெரிய தொகை வராது, விற்காதீர்கள் என்றே சொல்வேன். கிளிக் III-க்கு இன்றும் ரோல் கிடைக்கிறது, 120 அளவு. பெட்டி கேமராவுக்கு 620 ரோலை கொடாக் 1995-லேயே நிறுத்திவிட்டது, ஆனால் பிலிம் இரண்டுக்கும் ஒன்றுதான், சுற்றியிருக்கும் உருளைதான் 620-ல் மெல்லியது. இருட்டில் 120 பிலிமை 620 உருளைக்கு மாற்றிச் சுற்றிவிட்டால் தாராளமாகப் படம் எடுக்கலாம். பையனுக்கு அந்த வேலை பிடிக்கும்.

ஜெனிட்டில் ஹீலியோஸ் 44-2 லென்ஸ் இருந்தால் மட்டும் அதைத் தனியாகக் கழற்றி வையுங்கள். டிஜிட்டல் கேமராவில் மாட்டுவதற்கு இளைஞர்கள் அதைத் தேடி அலைகிறார்கள், பின்னணி சுழல்வது போல வரும். சில சமயம் லென்ஸின் விலை மொத்த கேமராவைவிட அதிகம்.

குரோம்பேட்டைக்காரன்

போகிக்கு முன் வாரம் என்று மேடம் சொன்னதை ஏன் யாரும் கவனிக்கவில்லை? வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு வாசலில் மேசை போட்டு விற்கிறார்கள், நமக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று எல்லோரும் புலம்புகிறோம். போகி இருக்கிறதே! அந்த வாரம் மாம்பலம், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி காயலான் கடைகளில் தினமும் சாயங்காலம் ஒரு நடை போனால் போதாதா?

வேளச்சேரி_நிழல்

போகிறோம் நண்பரே, சத்தமாகச் சொல்லாதீர்கள்.

இன்னொரு வழி, அடுக்குமாடிகளின் வாட்ஸாப் குழு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வந்து அப்பா அம்மாவின் வீட்டைக் காலி செய்யும்போது சோபா, வாஷிங் மெஷின் படத்துக்கு நடுவே அலமாரியில் ஓரமாக ஒரு கேமரா தெரியும். அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு "சோபா என்ன விலை" என்று பேச்சை ஆரம்பிக்க வேண்டும். போன வருடம் அடையாறில் அப்படித்தான் ஒரு பென்டாக்ஸ் கே 1000 கிடைத்தது. காசு வேண்டாம், அப்பா ரொம்ப ஆசையாக வைத்திருந்தார், உபயோகிக்கிறவர் கையில் இருந்தால் போதும் என்றார்கள். எனக்குத்தான் மனசு கேட்காமல் சோபாவையும் வாங்கிவிட்டேன். வீட்டில் இரண்டு சோபா.

தாம்பரம்_ரயில்

கவனம், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கேமராக்கள் இன்னும் சுற்றுகின்றன. முடிச்சூர் பக்கம் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர் பீரோவோடு இழந்தார்கள். வெளியே பளபளவென்று துடைத்திருப்பார்கள். மேல்தகட்டின் திருகுகளைப் பாருங்கள், எல்லாத் தலையும் ஒரே மாதிரி துருப்பிடித்திருந்தால், லென்ஸ் வளையத்தின் இடுக்கில் மாவு மாதிரி வண்டல் தெரிந்தால், கீழே வைத்துவிடுங்கள். குவியத்தைத் திருப்பும்போது மணல் அரைபடும் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

புதுசா_வந்தவன்

பூஞ்சை எப்படி இருக்கும் சார்? நான் வாங்கிய கேமரா லென்ஸில் முடி மாதிரி ஏதோ தெரிகிறது.

பழுது_பார்ப்பவர்

அதேதான் தம்பி. சிலந்தி வலை நூல் போல, கிளை விட்டுப் பரவியிருக்கும். கேமராவை 'பி' யில் (அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) வைத்து, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, முழுதாகத் திறந்து, அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து போன் டார்ச் அடியுங்கள், முன்பக்கம் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை, சின்னக் கீறல்கூடப் படத்தில் தெரியாது. வலை தெரிந்தால் யோசியுங்கள். முன் கண்ணாடியில் மட்டும் என்றால் திறந்து துடைக்கலாம், விட்டு வைத்தால் லென்ஸின் மேல்பூச்சைத் தின்று கண்ணாடியிலேயே தடம் போட்டுவிடும்.

நம் ஊர்க் காற்றுக்கு இது தவிர்க்க முடியாதது, கடல் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஈரப்பதத்தைத் திட்டி என்ன பயன். நாம் செய்யும் பெரிய தப்பு, தோல் உறையில் போட்டு பீரோவுக்குள் பூட்டி வைப்பது. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், இருட்டு வேறு, பூஞ்சைக்குக் கல்யாணச் சாப்பாடு. உறையைத் தனியாக வையுங்கள். கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். நீலமாக இருக்கும் ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம், பழைய தோசைக்கல்லில் சிறு தீயில் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். (தோசைக்கல் பழையதாக இருக்கட்டும். நான் எந்தக் கல்லை எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.) எல்லாவற்றையும்விட, மாதம் ஒரு முறையாவது வெளியே எடுத்து எல்லா வேகத்திலும் நாலு தடவை அழுத்துங்கள்.

ரிச்சி_தெரு

எல்லாம் சரி, ரோல் விலை? வாங்கி, கழுவி, ஸ்கேன் பண்ணி முடிக்க ஒரு ரோலுக்குக் கேமரா விலையைவிட அதிகம் ஆகிறது. 36 படத்துக்கு. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மூர்_மார்க்கெட்_காலம்

தம்பி, அப்போதும் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் ஒரு ரோல் பொங்கலுக்குப் போட்டால் தீபாவளி வரை ஓடும். குரோம்பேட்டைத் தம்பி, அந்த 23 என்ன ஆயிற்று? ஊரெல்லாம் சுற்றிவிட்டு அதை மறந்துவிட்டோம்.

இருட்டறை

என்னிடம் கொடுங்கள். கலர் ரோலாக இருந்தாலும் கலராகக் கழுவ வேண்டாம், இத்தனை வருடத்தில் நிறம் திரிந்து புகை மண்டியிருக்கும். கறுப்பு வெள்ளைக் கரைசலில் போட்டால் இருப்பது வரும். அடியில் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டே மெதுவாக ரீவைண்ட் செய்யுங்கள், பழைய பிலிம் காய்ந்து உடையும், அவசரம் வேண்டாம். இறுகினால் நிறுத்திவிட்டு அப்படியே கொண்டு வாருங்கள், இருட்டுப் பையில் நான் எடுக்கிறேன்.

ஒரு நிபந்தனை, முகம் தெரியும் எதையும் இங்கே போடக் கூடாது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

குரோம்பேட்டைக்காரன்

தாமதத்துக்கு மன்னிக்கவும், மழை, ஆபீஸ், எல்லாம்.

இருட்டறை அண்ணன் நேற்று கழுவினார். கலர் ரோல்தான். 23-ல் ஒன்பது வந்திருக்கிறது, நிபந்தனைப்படி படம் போடவில்லை, சொல்கிறேன். ஒரு வீட்டு வாசல், பெரிய கோலம், புதிதாக வாங்கிய மொபெட்டுக்கு மாலை போட்டு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் இன்னொரு வண்டி, எண் பலகையில் டி.என். 22 வரை படிக்க முடிகிறது, மீதியை ஒரு பாட்டியின் புடவை மறைத்துவிட்டது. அந்த மாதிரி எண் 1989-க்குப் பிறகுதான், 22 என்றால் மீனம்பாக்கம், அதாவது இந்தப் பக்கத்துக் குடும்பமாகவே இருக்கலாம். ஒரு சிறுவன் மூன்று படங்களில் இருக்கிறான், மூன்றிலும் அசைந்துவிட்டான். இப்போது அவனுக்கு என் வயதோ அதற்கு மேலோ இருக்கும்.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு படங்கள் வெறும் மூட்டம். யாரோ அழுத்தி அழுத்திப் பார்த்தவை.

கடைசிப் படம் தெளிவாக இருக்கிறது. கொஞ்ச நேரம் எனக்கே புரியவில்லை. தார்ப்பாய், பின்னால் பிளாஸ்டிக் குடம், நடுவில் அந்தக் கடைக்காரர். நான் விலை கேட்கும்போது அழுத்தினேனே, அது. 1/500, உச்சி வெயில், அவர் முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

பழுது_பார்ப்பவர்

அடப்பாவி. கடைசி ஏழெட்டில் ஒன்றுமிருக்காது என்று நான்தான் சொன்னேன்.

மேற்கு_மாம்பலம்

அவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்தீர்களா? கேமரா எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டீர்களா?

குரோம்பேட்டைக்காரன்

இன்று காலை போனேன் மேடம். பிரிண்ட் போட்டு ஒரு உறையில் வைத்துக் கொடுத்தேன். முதலில் ஏதோ நோட்டீஸ் என்று நினைத்து வாங்க மறுத்தார். கேமரா குரோம்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையிலிருந்து மூட்டையாக வந்ததாம், எந்த மூட்டை, எந்த மாதம் என்று அவருக்கு நினைவில்லை. கடை எது என்று மட்டும் சொன்னார், என் வீட்டிலிருந்து நாலு தெரு. நாளைக்கு அங்கே போய் விசாரிக்கிறேன்.

படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு காப்பி கிடைக்குமா, ஊரில் அம்மாவுக்கு அனுப்ப வேண்டும் என்றார். சரி என்றேன். கிளம்பும்போது கூப்பிட்டு, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு ஹாட்ஷாட் கேமராவை எடுத்து நீட்டினார். எவ்வளவு என்று கேட்டேன்.

1,500 என்றார்.